கூபேக்குள் எத்தனை பெட்டி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் கூபே என்றால் இரண்டு பேருக்கு ஒரு தனி அறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் ஒருவருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: அந்த அறைக்குள் சாமானை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, வைத்தால் பத்திரமா? அதனால் இந்த வாரம் முழுக்க பெட்டி படுக்கைதான்.

கேள்வி: மகளுக்குப் போன மாதம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு பேருக்கும் ஃபர்ஸ்ட் ஏ.சி. டிக்கெட் எடுத்திருக்கிறோம். மூன்று பெரிய சூட்கேஸ், இரண்டு கட்டைப்பை, சீர்ப் பாத்திரம் அடுக்கிய அட்டைப்பெட்டி இரண்டு, ஒரு குத்துவிளக்கு. தனி அறைதானே சார், எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மணமக்களுக்கு வாழ்த்து. ஆனால் அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கெட்டில் கன்ஃபர்ம் ஆகியிருப்பது ஃபர்ஸ்ட் ஏ.சி. இடம்தான், கூபே அல்ல. அந்த வகுப்பில் இரண்டு பெர்த் உள்ள கூபேயும் உண்டு, நான்கு பெர்த் உள்ள கேபினும் உண்டு. எது கிடைக்கும் என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். இரண்டு பேர் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் கூபே கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. முழு ஃபர்ஸ்ட் ஏ.சி. பெட்டி, அதாவது புதிய எல்.எச்.பி. வகை, என்றால் 24 பெர்த், அதில் நான்கு கேபின், நான்கு கூபே. பாதி ஃபர்ஸ்ட் ஏ.சி., பாதி டூ டயர் என்று வரும் பழைய வகை எச்.ஏ. பெட்டி என்றால் இரண்டு கேபினுக்கு ஒரே ஒரு கூபே. அதனால் சாமானைக் கட்டும்போதே, எதிரே முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக் கட்டுங்கள். கூபே கிடைத்தால் சந்தோஷம்.

சரி, கூபேயே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எடையைப் பொறுத்தவரை கவலை இல்லை, ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் ஆளுக்கு 70 கிலோ இலவசம், இரண்டு பேருக்கு 140 கிலோ. இடிப்பது எடை இல்லை, இடம். கூபே என்பது கீழே ஒரு பெர்த், மேலே ஒரு பெர்த், எதிரே சுவர், நடுவே ஒரு ஆள் நின்று திரும்பும் அளவு தரை, அவ்வளவுதான். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மனதில் ஓட்டல் ரூம் மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் திகைத்து நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் சாமானுக்கும் சேர்த்து உள்ள ஒரே நல்ல இடம் கீழ்ப் பெர்த்தின் அடி.

அங்கே என்ன கொள்ளும் என்பதற்கு வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெர்த் நீளம் ஏறத்தாழ ஆறு அடி. 28 அங்குல சூட்கேஸை நீளவாக்கில் படுக்கவைத்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு போகும், மிச்சம் ஒன்றேகால் அடி சொச்சம். அதில் ஒரு கட்டைப்பை. மூன்றாவது சூட்கேஸுக்கு அடியில் இடமே இல்லை, நடுத் தரையில்தான் நிற்கும். அது நின்றால் மேலே ஏற ஏணியில் கால்வைக்க இடம் இருக்காது, ராத்திரி எழுந்தவர் முழங்காலில் இடித்துக்கொள்வார். இன்னொன்று, பெட்டியின் தடிமன். ரயில்வே தனி அளவே சொல்லியிருக்கிறது, கூடவே எடுத்துச் செல்லும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று. ஜனங்கள் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், அந்த 25-ஐப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வாங்கும் பெரிய கட்டி சூட்கேஸ்கள் படுக்கவைத்தால் ஓர் அடி தடிமன் வரும், கூடவே மேலே ஜிப் பிரித்து விரித்திருந்தால் இன்னும் இரண்டு அங்குலம். பெர்த் அடியில் பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. விரிக்கிற ஜிப்பை மூடியே வைத்து அடுக்கச் சொல்லுங்கள் மகளிடம்.

பாத்திரப் பெட்டி இரண்டையும் அதே ரயிலோடு வரும் லக்கேஜ் வேனில் புக் செய்துவிடுங்கள், எப்படி என்று கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். குத்துவிளக்கைத் தனியாக எடுத்துப்போக வேண்டாம். மரை கழற்றி, அடி, தண்டு, தகழி, உச்சி என்று பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு வேட்டியில் சுற்றி சூட்கேஸின் நடுவில், துணிகளுக்கு இடையே வைத்தால் கீறலும் விழாது. வீட்டுப் பெரியவர்கள் விளக்கைப் பெட்டிக்குள் படுக்கவைப்பதா என்று தயங்கினால், மஞ்சள் துணியில் சுற்றிவைத்தால் மனம் சமாதானமாகும்.

ஏறுகிற இடம் உங்களுக்குச் சாதகம். வண்டி திருநெல்வேலியில்தான் புறப்படுகிறது, அதனால் முன்னாடியே போய் நிதானமாக அடுக்கலாம். முதலில் ஜன்னல் பக்கம் ஒரு சூட்கேஸ், சக்கரம் உள்பக்கம், கைப்பிடி வெளிப்பக்கம், அப்போதுதான் எழும்பூரில் இழுக்க வரும். இறங்குவதும் எழும்பூரிலேயே இருக்கட்டும். வீடு தாம்பரம் பக்கம் என்றால்கூட இவ்வளவு சாமானோடு வண்டி நிற்கிற சில நிமிடத்தில் அந்தக் குறுகின வழியில் எல்லாவற்றையும் இறக்குவது புதுப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தேவையில்லாத பதற்றம்.

கேள்வி: கூபே கதவுக்குப் பூட்டு உண்டா? நானும் மனைவியும் ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டி வந்தால் பெட்டிகளை நம்பி விட்டுப் போகலாமா? நகை கொஞ்சம் கொண்டுபோகிறோம்.
(வாசகர், விருதுநகர்)

பதில்: உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போக உங்களுக்கு வழி கிடையாது. ஃபர்ஸ்ட் ஏ.சி. பற்றி ஜனங்கள் தப்பாகப் புரிந்துவைத்திருப்பதில் முதல் விஷயமே இதுதான். கதவு இருக்கிறது, அதனால் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்லீப்பரில் போகும்போது சங்கிலி போட்டுப் பூட்டுகிற அதே மனிதர் கூபேயில் ஏறினதும் பர்ஸைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டு டாய்லெட் போகிறார். டாய்லெட் அறைக்குள் இல்லை, பெட்டியின் கோடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் போய்வருகிற ஐந்து நிமிடமும் அந்த அறை திறந்த அறை. சொல்லப்போனால் ஸ்லீப்பரில் சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூபேயில் கதவைச் சாத்திவிட்டு ஒருவன் உள்ளே நின்றால் பார்க்க ஆளில்லை.

அதனால் நான் செய்வது இது. ஏறினவுடன், சட்டை மடிப்பைக்கூடச் சரிசெய்யாமல், முதலில் சங்கிலி. கீழ்ப் பெர்த் அடியில் கம்பி வளையம் இருக்கும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். இழுக்கிற நீளக் கைப்பிடியில் சங்கிலியைக் கோக்காதீர்கள், அது லேசாகக் கழன்றுவரும். பக்கவாட்டில் இருக்கும் தைத்த கைப்பிடியில் கோத்து, இரண்டு பெட்டியையும் சேர்த்து வளையத்தில் பூட்டுங்கள். சாவி கழுத்துக் கயிற்றில். ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே, இதை இரவு முழுக்கக் கடைப்பிடியுங்கள். கட்டாயம் இரண்டு பேரும் போக வேண்டும் என்றால் அட்டெண்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இரவு தாழ்ப்பாள் போட்டபின் யாராவது தட்டினால் யார் என்று கேட்டு, பதில் வந்த பிறகே திறப்பது.

நகை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நகையைப் பெர்த் அடியில் இருக்கும் சூட்கேஸில் வைக்கவே கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவைப் பாருங்கள். ரயில்வே ஊழியர் புக் செய்து ரசீது கொடுக்காத சாமான் தொலைந்தால் ரயில்வே பொறுப்பல்ல. பயணி தன் பொறுப்பில் கூடவே கொண்டுபோகிற சாமான் என்றால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் அலட்சியமோ தவறான நடத்தையோதான் காரணம் என்று நிரூபித்தால் மட்டுமே பொறுப்பு. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பயணி ஒருவர் இடுப்பில் துணி பெல்ட்டில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாய் ரயிலில் திருடுபோயிருந்தது. கீழ் நுகர்வோர் மன்றங்கள் பணத்தைக் கொடுக்கச் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது, பயணியால் தன் உடைமையைப் பாதுகாக்க முடியாமல் போனால் அதை ரயில்வேயின் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்று. டிக்கெட் எந்த வகுப்பாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

ஒருவேளை திருட்டு நடந்தேவிட்டால், வண்டியை விட்டு இறங்கி ஸ்டேஷன் தேடி ஓட வேண்டியதில்லை. டி.டி.இ.யிடமோ கார்டிடமோ பாதுகாப்புக்கு வரும் போலீஸிடமோ புகார்ப் படிவம் வாங்கி ஓடுகிற வண்டியிலேயே எழுதிக் கொடுக்கலாம், அது இருப்புப்பாதை போலீஸுக்குப் போய்விடும். ரயில்வே உதவி எண் 139-க்கும் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: சென்ற மாதம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் நான்கு பெர்த் கேபினில் எனக்கு மேல் பெர்த். ஏறியபோதே கீழ்ப் பெர்த் இரண்டின் அடியிலும் முன்னால் வந்தவர்கள் சாமானை நிரப்பிவிட்டார்கள். 'கீழ்ப் பெர்த் எங்களுடையது, அடியும் எங்களுடையது' என்றார்கள். என் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். அவர்கள் சொன்னது சரியா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: சரியில்லை. பெர்த் அடி கீழ்ப் பெர்த்காரருக்குச் சொந்தம் என்று எங்கேயும் கிடையாது. மேல் பெர்த்துக்கும் அதே 70 கிலோ அனுமதி உண்டு என்னும்போது அந்த 70 கிலோவை அவர் எங்கே வைப்பார், தலையிலா? நான்கு பேர் கேபினில் கீழ்ப் பெர்த் இரண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு பேர் சாமான், இதுதான் நியாயம். 

ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும், ராத்திரி பத்து மணிக்கு ஒரு சின்ன அறையில் நாலு பேர் எட்டு மணி நேரம் சேர்ந்து தூங்க வேண்டும். அதனால் நான் சண்டையாக ஆரம்பிப்பதில்லை. 'அண்ணே, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் என்னுடையதும் போய்விடும், நானே தள்ளித் தருகிறேன்' என்று கையைக் கொடுத்தால் பத்துக்கு எட்டு பேர் எழுந்து உதவுவார்கள். பல சமயம் இடம் இல்லாமல் இருப்பதில்லை, குறுக்கே ஒரு பை கிடக்கும், அதை நகர்த்தினால் போதும். மீதி இரண்டு பேருக்கு டி.டி.இ. வரும்போது தயங்காமல் சொல்லுங்கள். அளவுக்கு மேல் சாமான் வைத்திருப்பவர்கள்தான் டி.டி.இ. பெயரைக் கேட்டதும் இடம் விடுவார்கள், காரணம் உங்களுக்கே புரியும்.

எதிர்ப்பக்கத்தையும் எழுதுகிறேன். கீழ்ப் பெர்த்தில் வயதானவர் இருந்து, அவருடைய வாக்கர் அல்லது மடக்கு நாற்காலி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றால் அதற்கு முதல் இடம். உங்கள் பெட்டியை அதற்கு முன்னால் வைத்து மறைக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டதும் அவர் கை தேடுவது அதைத்தான்.

கேள்வி: 70 கிலோவுக்கு மேல் போனால் உண்மையில் யாராவது எடை போட்டுப் பார்க்கிறார்களா? லக்கேஜ் வேனில் போடுவது எப்படி?
(வாசகர், ஈரோடு)

பதில்: தினமும் எல்லாரையும் நிறுத்தி எடை போடுவதில்லை, அது உங்களுக்கும் தெரிந்துதான் கேட்கிறீர்கள். ஆனால் பிடித்தால் வலிக்கும். புக் செய்யாமல் இலவச அளவைத் தாண்டிக் கொண்டுபோய், அதற்கு மேல் விடுகிற சின்ன சலுகையையும் தாண்டி மாட்டினால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும். முன்கூட்டியே புக் செய்தால் ஒன்றரை மடங்குதான். ஆகவே ஒளித்துக் கொண்டுபோவது கணக்குக்கும் ஒத்துவராது. இலவச அளவு டூ டயரில் 50, த்ரீ டயரிலும் ஸ்லீப்பரிலும் 40, இரண்டாம் வகுப்பில் 35. ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் பணம் கட்டினாலும் இலவசத்தையும் சேர்த்து 150 கிலோ வரைதான்.

புக் செய்ய, வண்டி புறப்பட அரை மணிக்கு முன்பே லக்கேஜ் அலுவலகத்தில் சாமான் இருக்க வேண்டும் என்பது விதி. நான் இரண்டு மணி நேரம் முன்பே போவேன், வரிசை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. பயண டிக்கெட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அதைக் காட்டினால்தான் லக்கேஜாகப் போடுவார்கள், அதே வண்டியில் வரும். அட்டைப்பெட்டி என்றால் சாக்குத்துணியால் தைத்துக் கட்டுங்கள், வெறும் செல்லோ டேப் வேலைக்காகாது. பழைய பயணத்து ஸ்டிக்கர்களை எல்லாம் கிழித்துவிட்டு, பெயர், ஊர், போன் நம்பரைப் பெரிய எழுத்தில் வெளியே ஒன்று, உள்ளே ஒரு தாளில் ஒன்று என்று எழுதிவையுங்கள். வெளியே எழுதியது அழிந்தாலும் உள்ளே இருப்பது பேசும்.

இதில் ஜனங்கள் யோசிக்காத விஷயம் ஒன்று, இறங்குகிற ஊர். வண்டி கடைசியாகப் போய் நிற்கிற ஊருக்குப் புக் செய்தால் நிம்மதி. இரண்டு நிமிடம் நிற்கிற நடு ஸ்டேஷனுக்கு லக்கேஜ் போட்டால், நீங்கள் உங்கள் பெட்டியிலிருந்து இறங்கி வண்டியின் ஒரு கோடியில் இருக்கும் லக்கேஜ் வேனுக்கு ஓடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அப்படி ஒரு ஊர் என்றால் பெரிய ஸ்டேஷனுக்குப் பார்சலாக முந்தின நாளே அனுப்பிவிட்டு, கையில் ஒரு பெட்டியோடு போங்கள். ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள், அது இருந்தால்தான் 100-ஆவது பிரிவில் ரயில்வேக்குப் பொறுப்பு வருகிறது.

கேள்வி: ஊரிலிருந்து வரும்போது நல்லெண்ணெய், ஊறுகாய், பலாப்பழம் எல்லாம் கூபேயில் கொண்டுவரலாமா? மாமியார் கொடுத்துவிடுவார், மறுக்க முடியாது.
(வாசகி, சென்னை அண்ணா நகர்)

பதில்: மறுக்க வேண்டாம், அடைப்பதை மட்டும் கவனியுங்கள். மூடின ஏ.சி. அறையில் பலாப்பழ வாசம் பத்து நிமிடத்தில் நிறைந்துவிடும், விடியும் வரை போகாது. முழுப் பழத்தை விட ஊரிலேயே சுளை எடுத்து, இறுக மூடுகிற டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். கேபினில் வேறு ஆட்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குச் சூடு விழுந்த அனுபவம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் கேனை மூடி இறுக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் பெர்த் அடியில் படுக்கவைத்துவிட்டேன். விடியற்காலை இறங்கப் பெட்டியை இழுத்தால், எதிர்ப் பெர்த்தில் வந்த பெரியவரின் தோல்பை அடிப்பக்கம் முழுக்க எண்ணெய். பேத்தி வாங்கிக் கொடுத்த பை என்று மட்டும் சொன்னார், ஒரு வார்த்தை திட்டவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் கறை போகவில்லை, அந்த முகம் இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து எண்ணெய் என்றால் நிமிர்த்தி வைக்கிற எவர்சில்வர் தூக்கு, மூடிக்கடியில் பாலிதீன் தாள், தூக்கைச் சுற்றிப் பழைய துண்டு, எல்லாம் சேர்த்து ஒரு வாளியில். வாளி தரையில், என் காலருகே. பெர்த் அடியில் கிடையாது.

இதோடு ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணெய் ஊறுகாய் எல்லாம் கறையோடு போகும். கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு இவை அப்படி இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நடந்தது நினைவிருக்கும். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் மொத்தமாக எடுத்த தனிப் பெட்டி, ஸ்டேஷன் யார்டில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். 'எங்கள் பெட்டி, எங்கள் ஆட்கள்' என்ற நினைப்புதான் அங்கேயும் சிலிண்டரை உள்ளே ஏற வைத்தது. கூபேயில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைக்குப் பால் காய்ச்ச சின்ன அடுப்பு கொண்டுபோகலாமா என்று சிவகாசியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, அவருக்கும் இதுவே பதில்: கூடவே கூடாது. ரயில்வே சட்டத்தில் 164-ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு, ஆனால் அதற்காக இல்லை. வெந்நீரை ஃபிளாஸ்கில் கொண்டுபோங்கள், ஓர் இரவு தாங்கும்.

கேள்வி: எங்கள் நாயைக் கூபேயில் கூட்டிப்போகலாமா? அதன் கூண்டு, சாப்பாடு, படுக்கை எல்லாம் சாமான் கணக்கில் வருமா?
(வாசகர், ஊட்டி)

பதில்: ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் கூபே முழுவதுமோ கேபின் முழுவதுமோ உங்களுக்கே ஒதுக்கப்பட்டால் மட்டும் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனியாகப் பார்சல் அலுவலகத்தில் புக் செய்ய வேண்டும். கூபே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவுசெய்து வையுங்கள். பெரிய கூண்டு கூபே தரையை முழுக்க அடைத்துவிடும், மடக்கிற கூண்டாக இருந்தால் பெர்த் அடியில் போகும்.

கேள்வி: மகன் சிகாகோவில் இருக்கிறான். நானும் என் கணவரும் அங்கே போனதும், சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு இரண்டு ராத்திரி ரயிலில் போக 'ரூமெட்' என்ற தனி அறை புக் செய்திருக்கிறான். இந்தியாவிலிருந்து கொண்டுபோகிற பெரிய பெட்டி நான்கையும் அதில் வைக்க முடியுமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நாலில் ஒன்றுகூட அறைக்குள் போகாது அம்மா, முன்பே கேட்டீர்களே, நல்லது. அது கலிஃபோர்னியா செஃபர் வண்டியாக இருக்கும், சிகாகோவிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் எமரிவில் வரை. இரண்டடுக்குப் பெட்டிகள். ரூமெட் என்பது எதிரெதிரே இரண்டு இருக்கை, ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு திரை. ராத்திரி இரண்டு இருக்கையையும் சேர்த்து ஒரு படுக்கை ஆக்கிவிடுவார்கள், மேலேயிருந்து இன்னொரு படுக்கை இறங்கும். படுக்கை விரித்தபின் தரையில் செருப்பு விடுகிற அளவு இடம்தான். நம் கூபேயே இதற்கு விசாலம் என்று தோன்றும், ஏனென்றால் அங்கே பெர்த் அடி என்று ஒன்று கிடையாது.

இருக்கைக்குப் பக்கத்தில் மேல் படுக்கைக்கு ஏற படி மாதிரி ஒன்று இருக்கும், அதன் மேல் ஆளுக்கொரு சின்னப் பை வைத்துக்கொள்ளலாம். நடுத்தரப் பெட்டி என்றால் கீழ்த்தளத்தில் வாசல் பக்கத்தில் பொதுவான அடுக்கு இருக்கிறது, அதில் வைத்துவிட்டு மேலே போகலாம். மாடிப்படி குறுகல், நடுவில் திரும்பும். உங்கள் கணவரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறவிடாதீர்கள்.

பெரிய பெட்டிகளைச் செக்-இன் செய்வதுதான் வழி. ஆளுக்கு இரண்டு பெட்டி இலவசம், ஒவ்வொன்றும் 50 பவுண்டு, அதாவது 23 கிலோவுக்குள். விமானத்துக்கு நாம் கட்டுகிற அதே 23 கிலோ என்பதால் பிரித்துக் கட்ட வேண்டாம். புறப்படுவதற்கு 45 நிமிடத்துக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் இறங்கும் ஊர் வரை கைக்கு வராது, அதனால் இரண்டு ராத்திரிக்கான மாற்றுத்துணி, ஸ்வெட்டர், மாத்திரை, கண்ணாடி எல்லாம் கைப்பையில் வந்துவிட வேண்டும். சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் படுக்கை அறைப் பயணிகளுக்கு மெட்ரோபாலிட்டன் லவுஞ்ச் என்று காத்திருக்கும் இடம் உண்டு, அங்கே கைப்பைகளை வைத்துவிட்டுச் சற்று வெளியே போய் வரலாம். அந்த வண்டியிலும் அறைக் கதவை உள்ளேதான் தாழிட முடியும், வெளியே பூட்ட முடியாது. சாப்பாட்டுப் பெட்டிக்குப் போகும்போது இரண்டு பாஸ்போர்ட்டும் உங்கள் தோள்பையில் கூடவே வரட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. ராத்திரி வண்டியில் அவர் மருந்துப் பை எங்கே இருக்க வேண்டும்?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தலைமாட்டில், ஜன்னல் பக்கம். பெட்டிக்குள் வேண்டாம், கொக்கியில் மாட்டவும் வேண்டாம், இருட்டில் எழுந்து தேட முடியாது. அதே பையில் ஒரு சின்ன டார்ச், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதின ஒரு தாள். செருப்பைப் பெர்த் அடிக்குத் தள்ளாமல் ஓரமாக வையுங்கள், குனிந்து துழாவும்போதுதான் தலை சுற்றுகிறது.

கேள்வி: போன வாரம் நீலகிரி எக்ஸ்பிரஸில் கூபேயில் வந்து மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். வீட்டுக்குப் போனபிறகுதான் மேல் பெர்த்தில் ஒரு பையை விட்டுவிட்டது தெரிந்தது. அதிர்ஷ்டவசமாக மறுநாள் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்காகக் கேட்கிறேன், அந்த நேரத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், குன்னூர்)

பதில்: கிடைத்ததில் மகிழ்ச்சி. உடனே 139, இல்லையென்றால் ரயில் மதத் செயலி. பி.என்.ஆர்., பெட்டி எண், கேபின் எழுத்து, பெர்த் எண், பையின் நிறம், உள்ளே இருப்பதில் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு பொருள், இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லத் தயாராக இருங்கள். ஆர்.பி.எஃப்., அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை, 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில் இப்படி விட்டுப்போன சாமானை எடுத்துவைத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, படங்களையும் வெளியிடுகிறார்கள். வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்று, சுத்தம் செய்ய யார்டுக்குப் போவதற்குள் சொல்லிவிட்டால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம்.

நீங்கள் விட்டது மேல் பெர்த்தில் என்பதைக் கவனித்தேன். பெரும்பாலும் அங்கேதான் விடுவார்கள், பெர்த் அடியில் இருப்பதை யாரும் மறப்பதில்லை. நானும் மனைவியும் இறங்குமுன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அவர் சாமான்களோடு வழியில் நிற்பார், நான் ஏணியில் ஒரு படி ஏறி, மேல் பெர்த்துக் கம்பளியை உதறி மடித்துவைப்பேன். போன தீபாவளிக்கு அப்படி உதறியபோது என் மூக்குக்கண்ணாடி விழுந்தது.